பிள்ளையின் சுபாவமா, அப்பாவுக்குக் கிடைக்கும் சலுகையா?

9 ஜூன் 2024

வாசகர் ஒருவர் கேட்டது இது: "என் பையனுக்கு ஏழு மாதம். நான் தூக்கினால் அலறுகிறான், அவன் அம்மா வாங்கியதும் நிறுத்திவிடுகிறான். என் தம்பி குழந்தை யாரிடமும் போகும். அதனால் தம்பி எந்நேரமும் அதோடுதான் இருக்கிறான். அப்பா எவ்வளவு ஒட்டுவார் என்பதைப் பிள்ளையின் சுபாவம்தான் தீர்மானிக்கிறது. நல்ல அப்பா, பொறுப்பில்லாத அப்பா என்று பிரிப்பதில் அர்த்தமே இல்லை. சரிதானே?"

பாதி சரி.

குழந்தைகள் பிறக்கும்போதே ஒரு சுபாவத்தோடு வருகிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் அழுதால் தெருமுனை வரை கேட்கும். பசி, தூக்கம், ஈரம் எல்லாவற்றுக்கும் ஒரே சுருதி. சின்னவன் பசித்தால்கூட முதலில் முனகிப் பார்ப்பான். ஒரே வீடு, ஒரே அப்பா அம்மா.

1956 இல் நியூயார்க்கில் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவத் தம்பதி ஒரு நெடுநாள் ஆய்வைத் தொடங்கினார்கள். நூற்றுச் சொச்சம் குழந்தைகளைப் பச்சைக் குழந்தையிலிருந்து பின்தொடர்ந்தார்கள். பசியும் தூக்கமும் நேரத்துக்கு வருகிறதா, புது ஆளைக் கண்டால் நெருங்குமா விலகுமா, அழுகையும் சிரிப்பும் எவ்வளவு வேகம் என்று ஒன்பது கூறுகளாகப் பார்த்தார்கள். சுமார் 40 சதவீதம் சுலபமான குழந்தைகள், 10 சதவீதம் கடினமானவர்கள், 15 சதவீதம் மெதுவாகப் பழகுபவர்கள். மீதி 35 சதவீதம் எதிலும் அடங்காத கலவை. நம் ஊரில் சாது, அடம், கூச்சம் என்று பாட்டிகள் பிரிப்பதும் ஏறக்குறைய இதே வரிசைதான்.

ஆனால் அந்தத் தம்பதி சொன்ன முக்கியமான விஷயம் இந்தப் பிரிவினை இல்லை. எந்தச் சுபாவமும் தானாகக் கெட்டதாகாது, பிள்ளையின் சுபாவமும் சுற்றியிருப்பவர்கள் நடந்துகொள்ளும் விதமும் பொருந்துகிறதா என்பதே பிற்காலத்தைத் தீர்மானிக்கிறது என்றார்கள். பொருத்தம் என்று வந்துவிட்டால் அதில் இரண்டு பேர் இருக்கிறார்கள். உங்கள் கேள்வியில் பிள்ளை மட்டும்தான் இருக்கிறான்.

9 ஜூன், இரவு

மேலே சொல்ல விட்டுப்போன மறுபாதி. அதே ஏழு மாதப் பையன்தான் அவன் அம்மாவுக்கும். அவளிடம் அழவே இல்லையா? ராத்திரி இரண்டு மணிக்கு அவளிடமும் அழுதிருப்பான். அவளுக்கு அப்போது "இந்தா, நீ வாங்கிக்கோ" என்று நீட்ட ஆள் கிடையாது. உங்களுக்கு இருந்தது. பிள்ளையின் சுபாவம் இருவருக்கும் ஒன்றுதான். விலகிக்கொள்ளும் சலுகை ஒருவருக்கு மட்டும்தான்.

11 ஜூன்

எழுதிய பிறகு இரண்டு நாளாக மனதில் ஓடுவது தலைப்பிரசவம்.

நம் பக்கத்தில் ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். பிரசவம் அங்கே. குழந்தைக்கு மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ ஆன பிறகுதான் திரும்ப வருவாள். பெண்ணுக்கு அது தேவையான ஓய்வு, நான் அதைக் குறை சொல்லவே மாட்டேன். மாமியார் வீட்டில் கிடைக்காத தூக்கம் அங்கே கிடைக்கும்.

அப்பாவுக்கு என்ன நடக்கிறது? நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மனைவி ஊர் மணப்பாறைப் பக்கம். வார விடுமுறைக்கு முந்தின ராத்திரி பஸ் ஏறி சேலம், நாமக்கல், திருச்சி என்று மாறி மாறிப் போய்ச் சேர்ந்தால், குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். எழுந்ததும் பால். பால் முடிந்ததும் பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து குளிப்பாட்டுவார். சாம்பிராணி, மை, மறுபடி தூக்கம். நடுவில் என் கையில் கொஞ்ச நேரம் வைப்பார்கள், போட்டோ எடுப்பார்கள். மாப்பிள்ளை என்பதால் எனக்கு நாற்காலி, காபி, கறிச்சோறு. குழந்தைக்கு நான் ஒரு வாசனையாகக்கூடப் பதிந்திருக்க மாட்டேன்.

அப்புறம் வீட்டுக்கு வருகிறார்கள். கொஞ்ச நாளில் வேற்றுமுகம் பார்க்கும் பருவம் தொடங்கிவிடுகிறது. எட்டு மாத வாக்கில் பெரும்பாலான குழந்தைகளுக்கு இது வரும், பழகிய முகத்தையும் பழகாத முகத்தையும் பிரிக்கும் மூளை வளர்ச்சி அது. கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்குக் கொஞ்சம் முன்னாலேயே வரலாம், பலமாகவும் வரலாம். அப்பா தூக்குகிறார், பிள்ளை அலறுகிறது. "இவளுக்கு என்னைப் பிடிக்கலை" என்று அவர் முடிவு கட்டிவிடுகிறார். பிள்ளைக்குப் பிடிக்கும், பிடிக்காது என்பதெல்லாம் இல்லை, அடிக்கடி பார்த்த முகமா என்பதுதான் கணக்கு.

கேள்வி கேட்டவர் மகனுக்கு ஏழு மாதம். எந்த மாதம் வீட்டுக்கு வந்தான் என்று அவர் எழுதவில்லை. அதைத் தெரிந்துகொள்ள ஆசை.

14 ஜூன்

மதுரையிலிருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறார்: "என் மகள் பரம சாது. ஓரமாக உட்கார்த்தி வைத்தால் ஒரு கிண்ணத்தையும் கரண்டியையும் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் இருப்பாள். அதனாலேயே என் வீட்டுக்காரர் அவளைத் தூக்கினதில்லை. 'அவ பாட்டுக்கு விளையாடிட்டு இருக்கா, எதுக்குக் கெடுக்கணும்' என்பார்."

இதைப் படித்த பிறகு என் வாதத்தைக் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டியிருக்கிறது. கடினமான பிள்ளை அப்பாவைத் துரத்துகிறது, சுலபமான பிள்ளை இழுக்கிறது என்று நேர்கோடாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். அக்கா வீட்டில் சுலபமான பிள்ளைதான் அப்பாவை விடுவித்திருக்கிறது. என் நண்பன் ஒருவன் வீட்டில் இதற்கு நேர் எதிர். பையன் ஒரு இடத்தில் நிற்க மாட்டான், மாடிப்படி, சைக்கிள் செயின், அடுப்பு என்று கை வைக்காத இடமில்லை. தனியாளாகச் சமாளிக்க முடியாமல் நண்பனின் மனைவி நேரே சொல்லிவிட்டாள், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அவன் உன் பொறுப்பு என்று. இன்றைக்கு அந்தப் பையன் அப்பா பிள்ளை.

ஆக, ஒரே அடம் ஒரு வீட்டில் அப்பாவைத் தள்ளுகிறது, இன்னொரு வீட்டில் இழுத்துவருகிறது. வித்தியாசம் பிள்ளையிடம் இல்லை. "இது உன் வேலையும்தான்" என்று அந்த வீட்டில் யாராவது சொன்னார்களா என்பதில் இருக்கிறது.

2002 இல் அமெரிக்காவில் பிரென்ட் மெக்பிரைடும் உடன் ஆய்வாளர்களும் பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகளின் பெற்றோரை வைத்து இதையே பார்த்தார்கள். பிள்ளையின் சுபாவத்துக்கும் பெற்றோரின் அழுத்தத்துக்கும் ஈடுபாட்டுக்கும் உள்ள தொடர்பு அம்மாக்களிடம் ஒரு மாதிரியும் அப்பாக்களிடம் வேறு மாதிரியும் இருந்தது. எனக்கு அதில் ஆச்சரியமில்லை. அம்மாவின் வேலை எழுதி வைத்த வேலை, பிள்ளை எப்படி இருந்தாலும் செய்தாக வேண்டும். அப்பாவுடையது விருப்பத்தைப் பொறுத்தது என்று ஊரே ஒத்துக்கொண்டிருக்கிறது. விருப்பத்தைப் பொறுத்த வேலையில்தான் ஈடுபாடு பிள்ளையின் முகம் பார்த்து ஏறும், இறங்கும்.

15 ஜூன்

சின்னவன் சுலபம் என்றேன். இன்று காலை குளிக்கப்போகச் சொன்னதற்கு வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நான் இப்ப மரம், மரம் குளிக்காது" என்றான். அக்காள்காரி ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து தலையில் ஊற்றி, "மரத்துக்குத் தண்ணி" என்றாள். சுபாவங்கள் வயதோடு இடம் மாறிக்கொள்ளவும் செய்கின்றன.

20 ஜூன்

அழுகையைப் பற்றித் தனியாகக் கேட்கிறார்கள், அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

மூத்தவள் மணப்பாறையிலிருந்து வந்தபோது மனைவிக்குப் பள்ளி வேலையில் சேர வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. எனக்குச் செகண்ட் ஷிப்ட் என்றால் காலையிலிருந்து மதியம் வரை நான்தான் வீட்டில். அம்மா உதவிக்கு வந்திருந்தார், ஆனால் அவருக்கு முழங்கால் வலி, தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. அதனால் அழும் பிள்ளை என் தோளில்தான். வேறு வழியில்லை என்பதால்தான் கற்றுக்கொண்டேன்.

முதல் சில வாரங்கள் ஒன்றும் பலிக்கவில்லை. பாட்டுப் பாடினால் அதிகமாக அழுவாள். கிலுகிலுப்பையை ஆட்டினால் அதைவிட அதிகம். ஒருநாள் அலுத்துப்போய்ப் பேசாமல் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப்புறத் துணிக்கொடி ஓரமாக நடந்தேன். ஈரத் துணி காற்றில் அசைவதைப் பார்த்துக்கொண்டே அடங்கினாள். அப்போதுதான் புரிந்தது, இவளுக்குச் சத்தம் ஆகாது. கூடுதலாக எதையாவது செய்து அழுகையை நிறுத்தப் பார்த்த ஒவ்வொரு தடவையும் அவள்மேல் இன்னொரு சுமையை ஏற்றியிருக்கிறேன். அதன்பின் விளக்கை அணைப்பேன், டிவியை நிறுத்துவேன், தூளியில் போட்டு ஒரே வேகத்தில் ஆட்டுவேன். அம்மா தூளிக்கு எதிரே உட்கார்ந்து கீரை ஆய்வார். வீட்டில் யாரும் பேச மாட்டோம்.

சின்னவனுக்கு இதே வைத்தியம் செல்லாது. அவனுக்கு ஆள் கூட்டம் வேண்டும். பஸ் ஸ்டாண்டில் தூங்குவான், வீட்டில் விழிப்பான்.

அழுகைக்கென்று ஒரு போக்கு உண்டு. பிரேசல்டன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 1962 இல் அம்மாக்களிடம் குறிப்பேடு கொடுத்து எழுதச் சொல்லிப் பதிவு செய்தார். பிறந்து இரண்டு வாரத்திலிருந்து அழுகை கூடிக்கொண்டே போய், ஆறு வார வாக்கில் உச்சத்துக்குப் போய், மூன்று மாதத்துக்குள் தணிந்துவிடுகிறது. சாயங்காலத்தில் கூடுதல். கனடாவில் ஹன்சிகர், பார் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986 இல் ஒரு பரிசோதனை செய்தார்கள். அழாத நேரத்திலும் குழந்தையைக் கூடுதலாகத் தூக்கி வைத்திருக்கச் சொன்னார்கள். ஆறு வாரக் குழந்தைகள் அழுத நேரம் 43 சதவீதம் குறைந்தது. "தூக்கித் தூக்கிப் பழக்காதே, கைச்சூடு கண்டுரும்" என்று சொல்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். எதுவும் பலிக்காமல் உங்களுக்குக் கோபம் தலைக்கேறினால் பிள்ளையைப் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். ஐந்து நிமிடம் அழுதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. கோபத்தில் உலுக்கினால் மூளைக்குள் ரத்தம் கசியும், பார்வை போகும், உயிரே போகும். சாதுவான ஆள்கூடத் தூக்கமில்லாத ராத்திரியில் அந்த விளிம்புக்கு வந்து நிற்பார். தள்ளிப்போவது கோழைத்தனம் இல்லை. வழக்கத்தை மீறிய அழுகை, காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, வாந்தி என்றால் சுபாவம் என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். உரம் எடுக்கிறேன் என்று தலைகீழாகப் பிடிப்பது வேண்டவே வேண்டாம்.

23 ஜூன்

இந்த ஆராய்ச்சிகளைப் பற்றி ஒரு மறுயோசனை.

குழந்தையின் சுபாவத்தை எப்படி அளக்கிறார்கள்? பெரும்பாலும் பெற்றோரிடம் படிவம் கொடுத்து. மேரி ராத்பார்ட் 1981 இல் வெளியிட்ட கேள்விப் படிவம் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. கடந்த ஒரு வாரத்தில் குழந்தை இன்னின்னதை எத்தனை தடவை செய்தது என்று கேட்கும். யார் நிரப்புவது? அதிகமும் அம்மாக்கள். அப்பாவிடம் கொடுத்தால், களைத்துப்போன அப்பா ஒரு மாதிரி நிரப்புவார், நன்றாகத் தூங்கிய அப்பா வேறு மாதிரி நிரப்புவார். பிள்ளையோடு பழகாதவருக்கு ஒவ்வொரு அழுகையும் புதிர், ஆகவே பிள்ளை கடினம். பழகியவருக்குக் காது தேய்த்தால் தூக்கம், விரலைச் சப்பினால் பசி என்று தெரியும், ஆகவே அதே பிள்ளை சுலபம்.

அப்படியென்றால் "பிள்ளை கடினம், அதனால் அப்பா விலகினார்" என்று படிக்கிறோமே, அதில் எத்தனையோ வீடுகளில் "அப்பா விலகினார், அதனால் அவருக்குப் பிள்ளை கடினம்" என்பதுதான் உண்மையாக இருக்கும். என் வீட்டில் நான் பார்த்தது இரண்டாவதுதான். மூத்தவளின் அழுகை குறையும் முன்பே எனக்கு அது சுலபமாகிவிட்டது.

ரோஸ் பார்க் என்பவர் 1970களில் மகப்பேறு வார்டுகளில் அப்பாக்களைக் கவனித்தார். கையில் குழந்தையைக் கொடுத்தால், பாட்டிலில் பால் புகட்டும்போது பிள்ளை சிணுங்கியதும் நிறுத்துவது, தோளில் தட்டுவது, மறுபடி தொடர்வது எல்லாவற்றிலும் அம்மாக்களுக்கு ஈடாகச் செய்தார்கள். நுணுக்கம் ஆண்களுக்குப் பிறப்பிலேயே இல்லை என்பது உண்மையல்ல. கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

30 ஜூன்

"கொடுப்பதில்லை" என்று போன குறிப்பை முடித்ததற்குச் சிலர் கோபித்துக்கொண்டார்கள், பெண்கள்மேல் பழி போடுகிறேன் என்று. முழுசாகச் சொல்கிறேன்.

நம் வீடுகளில் பிறந்த குழந்தையைச் சுற்றி மூன்று தலைமுறைப் பெண்கள் நிற்கிறார்கள். அப்பன் கை நீட்டினால் "தலை நிக்காத பிள்ளை, உனக்குப் பிடிக்கத் தெரியாது" என்று ஒரு குரல் வரும். குளிப்பாட்டுகிறேன் என்றால் சிரிப்பு வரும். துணி மாற்றினால் "ஆம்பளைப் பிள்ளையை இதெல்லாம் செய்ய விட்டிருக்காளே" என்று மருமகள்தான் பேச்சு வாங்குவாள். அவளும் பாவம், பேச்சுக்குப் பயந்தே வாங்கிக்கொள்வாள். பிள்ளை அடம்பிடிக்கிற சுபாவமாக இருந்தால் இந்தக் கதவு இன்னும் இறுகும். அப்பன் கையில் அழுதால் அவனுக்குத் தெரியவில்லை என்பதற்கு அது சாட்சி. பாட்டி கையில் அழுதால் வயிற்று உப்புசம்.

சாரா ஷாப்பே-சல்லிவனும் சக ஆய்வாளர்களும் 2008 இல் வெளியிட்ட ஆய்வில், அம்மாக்கள் ஊக்கம் கொடுத்த வீடுகளில் அப்பாக்கள் கூடுதலாகக் குழந்தையைக் கவனித்தார்கள். கதவு இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்தக் கதவை யார் செய்தது? ராத்திரிப் பொழுது முழுக்கத் தனியாகக் கண்விழித்தவள், பகலில் அரைமணி நேரம் வந்து தப்பும் தவறுமாகச் செய்கிறவனை நம்பிக் கொடுக்கத் தயங்கத்தான் செய்வாள். கதவைத் தட்டுவது அப்பாவின் வேலை. முதல் தடவை திறக்கவில்லை என்று நாற்காலிக்குத் திரும்பிப்போகும் உரிமை அவருக்கு இருக்கக்கூடாது.

என் அம்மாவே முதலில் தடுத்தவர். முழங்கால் வலிதான் அவரை மாற்றியது.

7 ஜூலை

கொஞ்சம் விலகிப் போகிறேன்.

"அப்பா வரட்டும், சொல்றேன்." நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த வாக்கியம். சுலபமான பிள்ளைக்கு இது காற்று. என் சின்னவனிடம் சொன்னால் "சரி, சொல்லு" என்று போய்விடுவான். எதையும் ஆழமாக வாங்கும் பிள்ளைக்கு அது அப்படி இல்லை. சாயங்காலம் முழுக்க வயிறு கலங்கி உட்கார்ந்திருக்கும். வேலை முடிந்து வரும் அப்பாவின் செருப்புச் சத்தமே பயமாகிவிடும். அவர் ஒன்றும் செய்திருக்க மாட்டார். வீட்டில் அவரைப் போலீஸ்காரராக நியமித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கூச்சமுள்ள பிள்ளைகள் அப்பாவிடம் ஒட்டாததற்கு இது பெரிய காரணம் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் அந்த வாக்கியத்தைத் தடை செய்துவிட்டோம்.

தாத்தாக்களைப் பாருங்கள். மகனைத் தூக்காத மனிதர் பேத்தியைத் தோளில் வைத்துக்கொண்டு கடைத்தெரு முழுக்கச் சுற்றுவார், மூக்குச் சளியைத் தன் துண்டால் துடைப்பார். அவர் சுபாவம் மாறிவிட்டதா? நேரம் வந்தது, கேலி செய்ய ஆளில்லாமல் போனது. தாத்தாவிடம் வருகிற மென்மை அப்பாவிடமும் இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

துபாயிலிருந்து ஒருவர் கேட்டார், வீடியோ காலில் மட்டும் பார்க்கும் அப்பா என்ன செய்வது என்று. மெதுவாகப் பழகும் பிள்ளையாக இருந்தால் போனில் "அப்பாவுக்கு முத்தா கொடு" என்று கட்டாயப்படுத்தாதீர்கள். தினமும் ஒரே நேரத்தில் வாருங்கள். பிள்ளை சாப்பிடும்போதோ விளையாடும்போதோ போனை எதிரே வைக்கச் சொல்லிப் பேசாமல் கூட இருங்கள். லீவில் வந்து இறங்கும்போது தூக்க ஓடாதீர்கள். தரையில் உட்காருங்கள், அது வரும்.

13 ஜூலை

"இயற்கையே பெண்ணைத்தான் படைத்தது" என்று ஒரு பெரியவர் நீளமாக எழுதியிருக்கிறார். மதிப்போடு மறுக்கிறேன்.

மத்திய ஆப்பிரிக்காவில் ஆக்கா என்ற வேட்டைச் சமூகம் இருக்கிறது. பாரி ஹ்யூலெட் என்ற மானிடவியலாளர் அவர்களோடு தங்கி எழுதினார். நாளில் 47 சதவீத நேரம் அப்பா குழந்தையைத் தூக்கிக்கொண்டோ கைக்கெட்டும் தூரத்திலோ இருக்கிறார். காரணம் பாசத்தின் அளவு இல்லை. கணவனும் மனைவியும் சேர்ந்தே வலை விரித்து வேட்டைக்குப் போகிறார்கள், பிள்ளையும் கூடவே போகிறது. என்னை ரொம்ப யோசிக்க வைத்தது ஹ்யூலெட் சொன்ன இன்னொரு விஷயம். நகரத்து அப்பாக்கள் குழந்தையை மேலே தூக்கிப் போட்டுப் பிடிப்பது, கிச்சுகிச்சு மூட்டுவது என்று முரட்டு விளையாட்டில் இறங்குவார்கள். ஆக்கா அப்பாக்கள் அதிகம் அப்படிச் செய்வதில்லை. பிள்ளையை அவர்களுக்கு நன்றாகத் தெரியும், கவனத்தை இழுக்க வித்தை காட்ட வேண்டியதில்லை என்பது அவர் விளக்கம்.

கிலுகிலுப்பை ஆட்டிய எனக்கு அது நேரே வந்து பட்டது. முரட்டு விளையாட்டு தப்பு என்று சொல்லவில்லை. சின்னவனுக்கு அது உயிர். அதிர்ந்துபோகிற பிள்ளைக்கு அதையே கொடுத்துவிட்டு "இவள் என்னிடம் வரமாட்டேன் என்கிறாள்" என்பதுதான் சிக்கல்.

உடம்பும் மாறுகிறது. பிலிப்பைன்ஸின் செபு நகரில் 624 ஆண்களைச் சில ஆண்டு இடைவெளியில் இரண்டு தடவை பரிசோதித்து லீ கெட்லர் குழுவினர் 2011 இல் வெளியிட்டார்கள். அப்பாவானவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் அளவு இறங்கியிருந்தது. நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இன்னும் குறைவு. இயற்கை ஆணின் உடம்பிலும் இடம் விட்டு வைத்திருக்கிறது.

21 ஜூலை

கேள்வி கேட்டவர் திரும்ப எழுதியிருக்கிறார். பையன் ஐந்தாம் மாதக் கடைசியில்தான் வீட்டுக்கு வந்தானாம். புது ஆள், புது இடம், மிக்ஸி சத்தம் எதற்கும் முதலில் அழுவான், கொஞ்சம் பொறுத்தால் சரியாவான் என்கிறார். பழகுவதற்கு நேரம் எடுக்கும் பிள்ளை. "அப்ப நான் என்னதான் செய்யணும்?"

அம்மா கையில் அவன் இருக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். கை நீட்டாதீர்கள். ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், தினமும் அதே வேலை, அதே நேரம். என் சிபாரிசு குளியல். முதலில் அம்மா குளிப்பாட்ட நீங்கள் தண்ணீர் ஊற்றுங்கள், அப்புறம் துவட்டுவது உங்கள் வேலை, அப்புறம் மாறிக்கொள்ளுங்கள். அழுதால் உடனே திருப்பிக் கொடுக்காதீர்கள். கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு, கொஞ்சம் தணிந்த பிறகு கொடுங்கள். அழுதால்தான் கை மாறும் என்று அவன் கற்றுக்கொள்ளக்கூடாது, அழுதால் விட்டுவிடலாம் என்று நீங்களும் கற்றுக்கொள்ளக்கூடாது. அம்மா அந்த நேரம் வேறு அறையில் இருந்தால் நல்லது, அவளுக்கும் அது ஓய்வு.

தம்பியோடு ஒப்பிடுவதை நிறுத்துங்கள். ஹார்வர்டில் ஜெரோம் கேகன் நாலு மாதக் குழந்தைகளுக்குப் புதுச் சத்தம், புது வாசனை காட்டிப் பார்த்தார். ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை கை கால் உதறி அழுதது. அப்படிப்பட்டவர்கள் பலர் பின்னால் கூச்சமுள்ளவர்களாக வளர்ந்தார்கள், ஆனால் எல்லோரும் இல்லை. உங்கள் பையன் அந்த ஐந்தில் ஒருவனாக இருக்கலாம், அது நோயில்லை.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் "ஆபீஸிலேயே இருந்துடலாம்னு தோணுது" என்ற வரி இருக்கிறது. பிள்ளை பிறந்த பின் அப்பாக்களுக்கும் மனச்சோர்வு வரும், பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் பத்தில் ஒருவருக்கு என்கிறார்கள். தூக்கமும் பசியும் கெட்டுச் சில வாரமாக இப்படியே இருந்தால் டாக்டரிடம் பேசுங்கள்.

28 ஜூலை

விடுப்பு பற்றிப் பலரும் கேட்பதால் இதோடு அதையும் எழுதிவிடுகிறேன்.

2017 இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தி அம்மாக்களுக்கு 26 வாரம் ஆக்கினார்கள். அந்தச் சட்டத்தில் அப்பாவுக்கு ஒரு நாள்கூட இல்லை. தனியார் வேலையில் நிர்வாகம் மனது வைத்தால்தான். நான் கேட்டபோது மேற்பார்வையாளர் "பிள்ளை பெத்தது நீயா?" என்றார். அவருக்கும் இரண்டு பெண்கள். சுவீடன் 1974 இலேயே பெற்றோர் இருவருக்கும் பொதுவான விடுப்பு கொடுத்தது, ஆனால் ஆண்கள் பெரும்பாலும் எடுக்கவில்லை. 1995 இல் ஒரு மாதத்தை அப்பாவுக்கென்று ஒதுக்கி, எடுக்காவிட்டால் அந்த மாதம் வீணாகும் என்றார்கள். அப்புறம்தான் எடுத்தார்கள். சுவீடன் பிள்ளைகளின் சுபாவம் 1995 இல் மாறிவிடவில்லை. என் வாதத்துக்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரியாது.

மத்திய அரசு ஊழியர்களுக்கு 15 நாள் உண்டு, உயிரோடிருக்கும் பிள்ளைகள் இரண்டுக்குக் குறைவாக இருந்தால். பிரசவத்துக்கு 15 நாள் முன்பிலிருந்து, பிறந்து ஆறு மாதம் வரைக்குள் எடுக்க வேண்டும். தாண்டினால் காலாவதி. பெரும்பாலானோர் ஆஸ்பத்திரி வாரத்திலேயே தீர்த்துவிடுகிறார்கள். மனைவிக்கு அப்போது நீங்கள் அவசியம் தேவைப்பட்டால் அங்கேயே எடுங்கள், அதில் பேச்சே இல்லை. அம்மா வீட்டில் ஆள் துணை நிறைய இருக்கிறது என்றால், ஆஸ்பத்திரி நாட்களுக்குச் சாதாரண விடுப்பைப் போட்டுவிட்டு, இந்த 15 நாளை மூன்றாம் மாதத்திலோ ஐந்தாம் மாதத்திலோ பிள்ளை உங்கள் வீட்டுக்கு வரும் நாளிலிருந்து எடுங்கள். தேதி நிச்சயமானதும் எழுதிக் கொடுத்துவிடுங்கள், ஐந்தாம் மாதம் வருவதாக இருந்தால் ஆறு மாதக் கெடு அதற்கடுத்த சில வாரத்திலேயே முடிந்துவிடும்.